மூன்றாவது முறையாகக் கசிந்த பம்ப்: 1967 ஷெவெல் காரின் பவர் ஸ்டீயரிங் – ஒரு நிகழ்வு ஆய்வு

காரும் புகாரும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் ஓடும் 1967 ஷெவ்ரொலே ஷெவெல் மாலிபு இது. 283 கன அங்குல வி-8 எஞ்சின், இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு தானியங்கிப் பெட்டி. எஞ்சின் ஓட்டும் பம்பின் எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கை இலகுவாக்கும் பவர் ஸ்டீயரிங் அன்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கியது. உரிமையாளருக்கு இது தந்தை வழி வந்த கார். ஆகஸ்ட் மாதம் வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் 'ட்ரீம் குரூஸ்' பவனிக்குக் கொண்டுபோவார். பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டத் தொடங்கும் முன் கராஜில் போர்த்தி நிறுத்திவிடுவார்.

அவர் சொன்ன குறைகள் இரண்டு. பம்பின் முன்பக்கம் எண்ணெய் கசிகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, இடம் பார்த்து நிறுத்தும்போது ஸ்டீயரிங் கனக்கிறது. காலையில் கராஜிலிருந்து எடுக்கும்போது அந்தக் கனம் தெரிவதில்லை. முன்பு பார்த்த பட்டறை, பம்பின் சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஷாஃப்ட் சீலை இருமுறை மாற்றியிருந்தது. இரண்டும் போட்ட பருவம் முடிவதற்குள் கசிந்துவிட்டன. "நல்ல சீலாகப் பார்த்து ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்றுதான் என்னிடம் வந்தார்.

சீல் மாற்றுவது ஒரு மாலை வேலை. ஆனால் ஒரே இடத்தில் அடுத்தடுத்துச் சீல் கெடும்போது, நான்காவது சீலை வாங்கும் முன் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. அதனால் சீல் வேலையாக இதை எடுத்துக்கொள்ள மறுத்து, பம்பை முழுவதுமாகத் திறப்பதானால் செய்கிறேன் என்றேன். சற்று யோசித்துச் சம்மதித்தார்.

கழற்றும் முன் கிடைத்தவை

எண்ணெய் ஒழுகும் எஞ்சினில், நனைந்திருக்கும் இடமெல்லாம் கசியும் இடம் அல்ல. விசிறிக் காற்று எண்ணெயை எங்கும் இழுத்துப் பூசிவிடும். எனவே பம்ப், பிராக்கெட், ஹோஸ்கள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, உலரவிட்டு, பிறகு எஞ்சினை ஓடவிட்டேன். பானெட்டின் அடிப்பக்கத்தில், புல்லி சுழலும் தளத்துக்கு நேராக, புள்ளி புள்ளியாக ஒரு கோடு விழுந்தது. புல்லிக்குப் பின்னால் கசிந்து சுழற்சியில் தெறித்த எண்ணெய் அது. பம்பை மூடியிருக்கும் எண்ணெய்த் தொட்டியின் பின்புறமும் ஹோஸ் இணைப்புகளும் உலர்ந்தே இருந்தன. கசிவது ஷாஃப்ட் வழியாகத்தான் என்பதில் சந்தேகம் இல்லை.

அடுத்துக் கண்ணில் பட்டது தொட்டியின் தோள்பட்டையில் ஒரு நசுங்கல். மெல்லிய இரும்புத் தகட்டில், கம்பியின் முனை அமர்ந்த அளவுக்கு ஒரு குழி. அதன் அருகே பெயிண்ட் உரிந்த இன்னொரு தடம். பெல்ட்டை இறுக்குவதற்கு யாரோ நெம்புகம்பியைத் தொட்டியின் மேலேயே ஊன்றியிருக்கிறார்கள். அந்தத் தகட்டில் நெம்பக் கூடாது என்று பட்டறைக் கையேடு சொல்கிறது. நெம்புவதற்கென்றே பல ஜி.எம். (ஷெவ்ரொலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) பிராக்கெட்டுகளில் அரை அங்குலச் சதுரத் துளை ஒன்று உண்டு. ராட்செட் கைப்பிடியின் முனையை அதில் செருகித் திருப்பினால் போதும். அந்தத் துளையைப் பயன்படுத்தாதவர்களே அதிகம்.

பெல்ட்டின் பக்கவாட்டுகள் கண்ணாடிபோல் பளபளத்தன. எண்ணெய் ஊறியிருந்தது. நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அசைய மறுத்தது. நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்ததில் கிராங்க் புல்லியும் பம்ப் புல்லியும் ஒரே தளத்தில்தான் இருந்தன. எனவே கோணல் ஓட்டம் என்ற சந்தேகம் அங்கேயே நீங்கியது.

பிறகு அழுத்தச் சோதனை. பம்புக்கும் ஸ்டீயரிங் பெட்டிக்கும் இடையே, அழுத்த ஹோஸில், ஒரு மீட்டரும் அடைப்பு வால்வும் கொண்ட கருவியைச் செருக வேண்டும். வால்வைத் திறந்து, சக்கரம் நேராக இருக்க, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 80 முதல் 125 பவுண்டு காட்டுவது ஜி.எம். கையேட்டின் கணக்கு. 200-ஐத் தாண்டினால் ஹோஸில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். இங்கே அளவுக்குள்தான் இருந்தது. அடுத்து வால்வை முழுவதும் மூடி, உச்ச அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு உடனே திறக்க வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைத்தால் பம்ப் உள்ளே வெந்துபோகும். இப்படி மூன்று முறை. வால்வை மூடிவிட்டால் ஸ்டீயரிங் பெட்டி கணக்கில் வராது. மீட்டர் காட்டுவது பம்பின் சொந்தப் பலம்.

குளிர்ந்த எண்ணெயில் 1,150 பவுண்டை ஒட்டி வந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு அதே சோதனையில் 700-ஐத் தாண்டவில்லை. மூன்று அளவுகளும் 50 பவுண்டு வித்தியாசத்துக்குள் ஒன்றுபோல் வந்தன. இந்த ஒற்றுமை முக்கியம். ஒருமுறை கூடுதலாகவும் ஒருமுறை குறைவாகவும் வந்திருந்தால், பம்புக்குள் எண்ணெய் ஓட்டத்தையும் உச்ச அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு தன் துளையில் சிக்கிச் சிக்கி நகர்கிறது என்று பொருள். மாறாமல் குறைவாகவே வந்தால் முதலில் அந்த வால்வைக் கவனித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஏறாவிட்டால் சுழலும் பாகங்கள் தேய்ந்துவிட்டன. வால்வைக் கழற்றி, அதன் மூக்கிலுள்ள நுண்சல்லடையைக் கழுவி, மறுபடி பூட்டி அளந்தேன். எண் நகரவில்லை. இனி பம்பைத் திறப்பதைத் தவிர வழியில்லை.

பெல்ட் மட்டுமே தள்ளக்கூடிய ஷாஃப்ட்

இந்தப் பம்ப் ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா ஸ்டீயரிங் கியர் பிரிவு செய்தது. ஆலை இருந்த சாகினா நகரமும் மிச்சிகனிலேயே, டெட்ராய்ட்டுக்கு வடக்கே இருக்கிறது. பவர் ஸ்டீயரிங்கை முதலில் தயாரிப்புக் காரில் விற்றது கிறைஸ்லர், 1951 இம்பீரியலில். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் தாம் மாற்றியமைத்த பியர்ஸ்-ஆரோ காரில் அதை ஓட்டிக் காட்டியிருந்தார். ஜி.எம். அவரோடு கைகோத்து, செலவைக் கணக்குப் பார்த்துப் பாதியில் விட்டது. 1952-இல் காடிலாக்கோடு மறுபடி களத்தில் இறங்கியது. சாகினா பம்ப் பிற்பாடு ஜி.எம். கார்களோடு நிற்காமல் ஏ.எம்.சி. (அமெரிக்கன் மோட்டார்ஸ்), ஜீப் வண்டிகளிலும் ஏறியது. பல பத்தாண்டுகள், அடிப்படை மாறாமல், ஏராளமாகச் செய்யப்பட்ட பம்ப். பழைய இரும்புக் கிடங்கில் இன்றும் கிடைக்கும். நமக்கு அதுவே வரம்.

உள்ளே ஒரு வட்ட ரோட்டர், அதில் பத்துப் பிளவுகள், பிளவுக்கு ஒன்றாகப் பத்து எஃகுப் பிளேடுகள். ரோட்டரைச் சுற்றி உள்பக்கம் நீள்வட்டமாகக் கடைந்த கேம் வளையம். ரோட்டர் சுழலும்போது பிளேடுகள் வெளியே தள்ளப்பட்டு வளையத்தைத் தடவிக்கொண்டே ஓடும். வளையம் அகலும் இடத்தில் இரு பிளேடுகளுக்கு இடையிலான அறை விரிந்து எண்ணெயை உறிஞ்சும். குறுகும் இடத்தில் பிழிந்து வெளியே தள்ளும். நீள்வட்டம் என்பதால் ஒரு சுற்றில் இது இருமுறை நடக்கிறது. உறிஞ்சும் அறைகளும் பிழியும் அறைகளும் நேரெதிர் ஜோடிகளாக அமைகின்றன.

இந்த வழக்கின் முடிச்சு அந்த ஜோடியில்தான் இருக்கிறது. 1920-களில் ஹாரி விக்கர்ஸ் உருவாக்கிய சமநிலைப் பிளேடு பம்பின் சிறப்பு, ரோட்டரின் இந்தப் பக்கம் ஆயிரம் பவுண்டு அழுத்தினால் எதிர்ப்பக்கமும் அதே ஆயிரம் பவுண்டு அழுத்தும் என்பது. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் ஷாஃப்டை அது ஒரு பக்கமாகச் சாய்க்காது. ஷாஃப்டைப் பக்கவாட்டில் இழுக்கக்கூடியது ஒன்றே ஒன்று: புல்லியில் மாட்டிய பெல்ட். ஆகவே இந்த வகைப் பம்பில் ஷாஃப்டைத் தாங்கும் குழலான புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

திறந்தபோது

எண்ணெயை வடித்து, புல்லியைக் கழற்றினேன். இந்தக் காரின் ஷாஃப்டில் கீயும் நட்டும் இருந்ததால் வேலை எளிது. பிற்காலப் பம்புகளில் புல்லியை அழுத்தி ஏற்றியிருப்பார்கள். அதற்கென உள்ள புல்லர் இல்லாமல் சுத்தியலை எடுப்பவர் உள்ளே இருப்பவற்றை உடைப்பார்.

பின்புறப் போல்ட்டுகளையும் ஹோஸ் பிட்டிங்கையும் எடுத்தபின் ரப்பர் சுத்தியலால் தட்டினால் தகட்டுத் தொட்டி கழன்று வரும். உள்ளே வார்ப்பிரும்பு உடலில் ஒட்டியபடி ஒரு சின்னக் காந்தம் இருக்கும். எஃகுத் துகள்களைப் பிடித்துவைப்பது அதன் வேலை. காந்தத்தில் கருப்புக் கூழ் கொஞ்சம்தான் இருந்தது. இந்த வயதுக்கு அது இயல்பு. ஆனால் தொட்டியின் அடியில் தேங்கியிருந்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்தபோது பொன்னிறத் தூள் மின்னியது. வெண்கலம். காந்தம் வெண்கலத்தைப் பிடிக்காது. பிடிக்காததால் அது எண்ணெயோடு சேர்ந்து திரும்பத் திரும்பப் பம்புக்குள் போய் வந்திருக்கிறது. இந்தப் பம்பில் வெண்கலம் இருப்பது ஒரே இடத்தில்: ஷாஃப்டைத் தாங்கும் புஷ்.

பின் மூடியைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தை எடுக்க உடலின் பக்கத்தில் ஒரு சிறு துளை விட்டிருக்கிறார்கள். மெல்லிய பஞ்ச் ஒன்றை அதில் செலுத்தித் தட்டி வளையத்தின் முனையைக் கிளப்பினால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிவிடலாம். மூடிக்கு அடியில் ஸ்பிரிங் இருப்பதால் கையை மேலே வைத்துக்கொள்வது நல்லது. பிறகு ரோட்டரின் பக்கத்தை அடைத்து நிற்கும் பிரஷர் பிளேட், கேம் வளையம், ரோட்டர், பிளேடுகள், ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைப் படமெடுத்துக்கொண்டே எடுத்தேன்.

பிளேடுகள் நன்றாகவே இருந்தன. கேம் வளையத்தின் உள்முகத்தில், பிழியும் பகுதிகளில், விரல்நுனிக்குத் தெரியும் அளவுக்கு அலை அலையான தேய்மானம். பிரஷர் பிளேட்டின் முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல்கள். அவற்றின் அடியில் அதே பொன்னிறம் படிந்திருந்தது. சூட்டில் ஸ்டீயரிங் ஏன் கனத்தது என்பது இங்கே விளங்கிவிட்டது. மெல்லிய இடைவெளி வழியாக எண்ணெய் நழுவும் அளவு அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப வளரும்: இடைவெளி இருமடங்கானால் நழுவல் எட்டு மடங்கு. குளிரில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் கீறல்கள் வழியே அவ்வளவாக நழுவவில்லை. சூடேறி நீர்த்தவுடன் உற்பத்தியில் பெரும்பங்கு உள்ளேயே திரும்பிப் போனது. நிறுத்தும் நேரம்தான் ஸ்டீயரிங்குக்கு அதிக பலம் வேண்டிய நேரம். எஞ்சின் மிகக் குறைவாகச் சுழலும் நேரமும் அதுவே. பம்பிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

புஷ்ஷை டெலஸ்கோப் கேஜ் வைத்து அளந்தேன். பெல்ட் இழுக்கும் திசையில் விட்டம் 0.012 அங்குலம், அதாவது 0.3 மில்லிமீட்டர் கூடுதல். அதற்குச் செங்குத்தான திசையில் தேய்மானம் ஏறக்குறைய இல்லை. தேய்ந்த பக்கம் கிராங்க் புல்லி இருக்கும் பக்கத்தை நேராகச் சுட்டியது. ரப்பர் உதட்டுச் சீல் ஷாஃப்டைச் சுற்றிலும் ஒரே சீராகத் தழுவிப் பிடிக்க வேண்டியது. ஷாஃப்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் ஒரு பக்கம் உதடு நசுங்கும். எதிர்ப்பக்கம் விலகி நிற்கும். இதில் எந்த நிறுவனத்தின் சீலைப் போட்டாலும் கதை அதேதான். கழற்றிய சீலின் உதடு கூழ்போல மென்மையாகி உப்பியும் இருந்தது. கசிவை நிறுத்தும் திரவம் என்று கடையில் விற்பதை யாரோ தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்வதுதான் அந்தத் திரவத்தின் வித்தை. காய்ந்து சுருங்கிய சீலுக்கு அது சில மாதம் தவணை வாங்கித் தரும். சாய்ந்த ஷாஃப்டுக்கு ஒன்றும் செய்யாது.

நடந்ததை வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது. பல பத்தாண்டுகள் ஓடியும், பனிக்காலம்தோறும் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றும், தொழிற்சாலைச் சீல் இறுகிப்போய்க் கசிந்தது. அது வயதின் குற்றம். கசிந்த எண்ணெய் பெல்ட்டை நனைத்தது. நனைந்த பெல்ட் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது வழுக்கிக் கீச்சிட்டது. கீச்சலை அடக்க பெல்ட்டை இறுக்கினார்கள். வழுக்கல் நிற்காததால் இன்னும் இறுக்கினார்கள், தொட்டியில் கம்பியை ஊன்றி. இறுகிய பெல்ட் புஷ்ஷைத் தின்றது. தேய்ந்த புஷ் அடுத்த சீலைக் கெடுத்தது. அது மறுபடி பெல்ட்டை நனைத்தது. புஷ்ஷிலிருந்து உதிர்ந்த தூள் பிரஷர் பிளேட்டைக் கீறியது. உரிமையாளர் தனித்தனியாகச் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே பெல்ட்டில் வந்து முடிந்தன.

புதுப்பித்தல்

மறுதயாரிப்புப் பம்ப் ஒன்றை வாங்கி மாட்டலாமே என்று உரிமையாளர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். சாகினா பம்பின் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் பொதுவானவை. ஆனால் தொட்டியின் வடிவமும், கழுத்தின் சாய்வும், பிராக்கெட் துளைகளும் வண்டிக்கு வண்டி மாறும். 1980-ஐ ஒட்டி ஹோஸ் பிட்டிங்கும் கூம்பு முனையிலிருந்து ஓ-ரிங் முறைக்கு மாறியது. இதற்குச் சரியாகப் பொருந்துவதைத் தேடி வாங்கினாலும், உள்ளே புஷ்ஷை மாற்றினார்களா, சீலை மட்டும் மாற்றிப் பெயிண்ட் அடித்தார்களா என்பது வெளியிலிருந்து தெரியாது. காரோடு பிறந்த பம்பைக் காரிலேயே வைப்பதில் எனக்கு ஒரு பிடிவாதமும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

பழைய இரும்புக் கிடங்கில் 1980-களின் ஷெவ்ரொலே பிக்கப் ஒன்றிலிருந்து அதே குடும்பப் பம்ப் கிடைத்தது. அதன் கேம் வளையம், ரோட்டர், பிளேடுகள், இருபக்கத் தகடுகள் எல்லாம் கண்ணாடிபோல் இருந்தன. இவற்றைத் தனித்தனியாகக் கலக்கக் கூடாது. வளையத்தின் தடிமனுக்கும் ரோட்டரின் தடிமனுக்கும் இடையிலான நூலிழை வித்தியாசம்தான் பம்பின் உயிர். எனவே அவ்வளவையும் ஒரே தொகுதியாக எடுத்தேன். ரோட்டரின் உட்பற்கள் நம் ஷாஃப்டில் தளர்வாக நகர்வதைப் பார்த்துக்கொண்டேன். ஷாஃப்டை மட்டும் மாற்றவில்லை. பிக்கப்பின் ஷாஃப்ட் புல்லியை அழுத்தி ஏற்றும் வகை. ஷெவெலின் புல்லி அதில் ஏறாது. பழைய ஷாஃப்டில் சீல் ஓடிய இடத்தில் தடம் இருந்தது. அதன் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்த்ததில் தட்டவில்லை. மெருகேற்றிப் பயன்படுத்தினேன்.

புஷ்ஷைத் தனி உதிரியாக ஜி.எம். விற்றதில்லை. தேய்ந்தால் உடலையே மாற்று என்பது அவர்கள் கணக்கு. லேத் பட்டறை ஒன்றில் எஸ்.ஏ.இ. 660 என்ற, புஷ்களுக்கு ஏற்ற வெண்கலக் கலவையில் புதிதாகக் கடைந்தோம். முதலிலேயே சரியான அளவுக்குக் கடைந்து அடித்து ஏற்றினால் புஷ் சுருங்கிவிடும், மையமும் பிசகலாம். ஆகவே உள்விட்டத்தைச் சிறிதாக விட்டு, உடலில் அழுத்தி ஏற்றி, பிறகு உடலின் பின்பக்கத் துளையை மையமாகப் பிடித்து உள்ளே கடைந்தோம். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.002 அங்குலம் விட்டது எண்ணெய்ப் படலத்துக்காக. பழைய புஷ்ஷில் இருந்த எண்ணெய் வழியை அதே இடத்தில் வெட்டிக் கொடுத்த கடைசல்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதை மறந்திருந்தால் புஷ் வறண்டு கருகியிருக்கும்.

கோக்கும்போது பார்க்க வேண்டியவை சில. பிளேடின் உருண்ட முனை வெளியே, வளையத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தட்டை முனை உள்ளே. கேம் வளையத்திலுள்ள அம்புக்குறி பின்பக்கம் நோக்கும். ஓ-ரிங்குகளுக்கு வாசலின் தடவினால் மடங்காது. ஷாஃப்டின் முனையில் மெல்லிய உலோகத் தாள் ஒன்றைச் சுற்றி, அதன் மேல் சீலை வழுக்கிவிட்டால் கீ பள்ளத்தின் கூர்விளிம்பு உதட்டைக் கிழிக்காது. ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வின் உள்ளே இருக்கும், மெல்லிய தகட்டு வளையங்களான ஷிம்களை நான் தொடவில்லை. அழுத்தம் போதவில்லை என்றால் ஷிம்மை மாற்றிச் சரிசெய் என்று சொல்பவர்கள் உண்டு. தேய்ந்த பம்பை அப்படி ஏமாற்ற முடியாது, ஹோஸ்தான் வெடிக்கும்.

தொட்டியின் நசுங்கலை உள்ளிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டி நேராக்கினேன். பெரிய ஓ-ரிங் அமரும் விளிம்பு வளையாமல் தப்பியிருந்தது. ஹோஸ்கள் இரண்டும் புதியவை. பழைய ஹோஸின் உள்ளே வெண்கலத் தூள் எவ்வளவு ஒளிந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. திரும்பி வரும் ஹோஸைத் தொட்டியில் மாட்டாமல் ஒரு வாளியில் விட்டு, புது எண்ணெய் ஊற்றியபடியே ஸ்டீயரிங் பெட்டியைக் கழுவிய பிறகுதான் இணைத்தேன்.

பூட்டிய பின்

முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை இயக்காமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே எண்ணெய் ஊற்றினேன். குமிழி வருவது நின்ற பிறகே எஞ்சின். இந்தப் பொறுமை இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் பால்போல நுரைத்து, பம்ப் முனகத் தொடங்கும். அது அடங்க வெகுநேரம் ஆகும்.

சூடான எண்ணெயில் வால்வை மூடிய சோதனை: 1,150-க்கு 40 பவுண்டு குறைவு, மூன்று முறையும் கிட்டத்தட்ட அதே எண். புதுப் பெல்ட்டை பிராக்கெட்டின் சதுரத் துளை வழியாக, இழுவிசைக் கருவியை வைத்துப் பார்த்து, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கினேன். புதுப் பெல்ட் ஓடி அமர்ந்ததும் சற்றுத் தளரும். மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். அப்போது பழைய பெல்ட்டுக்கு உரிய குறைந்த அளவுக்குத்தான் இறுக்க வேண்டும், புதியதற்கு உரிய அளவுக்கு அல்ல. இதை உரிமையாளருக்கு எழுதியே கொடுத்தேன். கீச்சிட்டால் இறுக்காமல், முதலில் பெல்ட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும் என்பது அடுத்த வரி.

வுட்வர்ட் பவனியில் கார் நகர்வது நடையைவிட மெதுவாக. ஆகஸ்ட் வெயிலில், ஐடிலிலேயே மணிக்கணக்காக. பழைய பம்பை அம்பலப்படுத்திய அதே சூழல். அது முடிந்து கார் திரும்பி வந்தபோது பானெட்டின் அடியில் கோடு இல்லை. தொட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்த எண்ணெயில் மின்னலும் இல்லை. ஸ்டீயரிங் பெட்டியின் அடிப்பக்கம், சக்கரங்களைத் திருப்பும் பிட்மன் கை இறங்கும் இடத்தில் மட்டும் லேசான ஈரம். பம்பில் அழுத்தம் திரும்பி வந்ததும் பெட்டியின் பழைய சீல் தன் வயதைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. அந்த ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, அளந்து பார்த்தாகிவிட்டது. எனவே அது சீல் வேலை மட்டுமே; பனிக்காலத்தில் கார் நிற்கும்போது செய்துகொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.